பூர்வகுடி நல்லிணக்கம் ஏன் பன்முகத்தன்மைத் திட்டத்துக்குள் அடங்காது

கேள்வியை முதலில் சுருக்கித் தருகிறேன். கேட்டவர் ஒரு தமிழர், ரொறன்ரோவில் ஒரு நடுத்தர நிறுவனத்தில் வேலை செய்கிறார். அங்கே பன்முகத்தன்மைக் குழுவில் அவரைச் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் குழு இப்போது பூர்வகுடி மக்களுடனான நல்லிணக்கத்துக்கென்று தனித் திட்டம் ஒன்று எழுதப்போகிறது. "நிறத்தாலும் பெயராலும் நாங்களும் இங்கே ஒதுக்கப்படுகிறவர்கள்தானே, அவர்களுக்கு மட்டும் ஏன் தனித் திட்டம்? அவர்களுக்கு வரி இல்லை, படிப்பும் இலவசம் என்கிறார்களே? வதிவிடப் பள்ளிகளில் துன்பப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளை நினைவுகூரும் செப்டெம்பர் 30 அன்று செம்மஞ்சள் சட்டை போடுவதற்கு மேல் ஒரு அலுவலகம் என்ன செய்ய முடியும்?" என்று கேட்கிறார்.

நான் மனிதவளத் துறையில் இருப்பவன். இந்த மூன்றையும் எங்கள் ஆட்கள் பலர் மனதில் வைத்திருப்பது தெரியும்; கூட்டத்தில் கேட்கத்தான் தயங்குகிறார்கள். வெளிப்படையாகக் கேட்டதற்கு நன்றி.

முதல் கேள்விக்கு நேரான பதில்: பன்முகத்தன்மை என்பது வேலைத்தலத்துக்குள் யாருக்கு இடம் கிடைக்கிறது, கிடைத்தவர் மரியாதையோடு இருக்க முடிகிறதா என்பதைப் பற்றியது. நல்லிணக்கம் அந்த வேலைத்தலம் நிற்கும் காணியைப் பற்றியது. அந்தக் காணிக்காக எழுதிய ஒப்பந்தங்கள், அவற்றை மீறியதால் ஒரு மக்கள் கூட்டம் இழந்தவை எல்லாம் அதில் வரும். பன்முகத்தன்மையில் நாங்கள் உரிமை கேட்கும் பக்கம் நிற்கிறோம். நல்லிணக்கத்தில், நேற்று வந்திறங்கியவராக இருந்தாலும், அந்த மீறலின் பலனில் வாழும் பக்கம் நிற்கிறோம்.

சட்டமும் இரண்டையும் கலக்கவில்லை. நீதிபதி ரோசலி அபெல்லாவின் ஆணையம் 1984-ல் தந்த அறிக்கையைத் தொடர்ந்து 1986-ல் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 1995-ல் மாற்றி எழுதிய வடிவம். வங்கி, விமானப் போக்குவரத்து, தொலைத்தொடர்பு போன்ற மத்திய அரசின் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட துறைகளில் 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களை அது கட்டுப்படுத்துகிறது. பெண்கள், பூர்வகுடி மக்கள், மாற்றுத்திறனாளிகள், புலப்படும் சிறுபான்மையினர் என நான்கு பிரிவுகளை அது சொல்கிறது. நாங்கள் வருவது நான்காவதில். அந்தப் பிரிவுக்குச் சட்டம் தரும் வரையறையிலேயே 'பூர்வகுடி மக்கள் தவிர்ந்த' என்று எழுதியிருக்கிறது. ஆகவே உங்கள் நிறுவனம் இரண்டையும் ஒரே கணக்கில் போட்டு, "வெள்ளையர் அல்லாதவர்கள் இத்தனை சதவீதம்" என்று அறிக்கை விட்டால், அங்கே பூர்வகுடியினர் ஒருவர்கூட இல்லை என்பது மறைந்துபோகும். பெரிய நகர அலுவலகங்களில் இது சாதாரணமாக நடக்கிறது. எங்கள் எண்ணிக்கை அவர்கள் இல்லாததை மூடிவிடுகிறது.

காணி உறுதி என்றால் என்ன என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே ரொறன்ரோவின் உறுதியைப் பார்ப்போம். 1787-ல் பிரித்தானிய அதிகாரிகள் மிசிசாகா மக்களிடமிருந்து இந்தக் காணியை வாங்கியதாகச் சொன்னார்கள். பிறகு எடுத்துப் பார்த்தபோது உறுதியில் எழுத்தே இல்லை. வெற்றுத் தாள். தலைவர்களின் அடையாளக் குறிகள் வேறு தாளில் இருந்து அதனோடு இணைக்கப்பட்டிருந்தன. அதைச் சரிசெய்ய 1805-ல் இன்னொரு உறுதி எழுதினார்கள். 250,830 ஏக்கர், விலை 10 சிலிங். மிசிசாகா மக்கள் 1847-ல் கிரெடிட் ஆற்றங்கரையையும் விட்டு ஹேகர்ஸ்வில் பக்கம் போய்க் குடியேற வேண்டியிருந்தது. இந்தக் காணிக்கான கோரிக்கையை அவர்கள் 1986-ல் அரசிடம் வைத்தார்கள். 145 மில்லியன் டொலருக்கு அது தீர்ந்தது 2010-ல். எங்கள் ஆட்கள் அதிகம் வாழும் ஸ்காபரோப் பக்கம் 1923-ன் வில்லியம்ஸ் ஒப்பந்தங்களுக்குள் வருகிறது. அதில் ஏழு முதற்குடிகள் (First Nations எனப்படும் பூர்வகுடிச் சமூகங்கள்) காணியோடு வேட்டை, மீன்பிடி உரிமைகளையும் இழந்தார்கள். அந்த அநீதிக்கு மத்திய அரசும் ஒன்ராறியோவும் சேர்ந்து 2018-ல்தான் 1.1 பில்லியன் டொலர் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, அந்த உரிமைகளையும் திரும்ப ஏற்றுக்கொண்டன. கூட்டம் தொடங்கும்போது, இது யாருடைய காணி என்று சொல்லி வாசிக்கும் நில அங்கீகார வாசகத்துக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குத்தான். வாசிக்கிறவருக்கு இது தெரிந்திருந்தால் வாசிக்கும் விதமே மாறும்.

சரி, வேலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பூர்வகுடி மக்கள் வேலைச் சந்தையில் பின்தங்கியிருப்பதற்கு அவர்களின் ஆர்வக் குறைவைக் காரணம் சொல்கிறவர்கள் எங்கள் சமூகத்திலும் உண்டு. அவர்களை வேலையிலிருந்தும் தொழிலிலிருந்தும் விலக்கி வைத்தது சட்டம். அரசு முதற்குடிகளை 'இந்தியர்' என்று பெயரிட்டு 1876-ல் இந்தியர் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி ஒருவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றாலோ, மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ ஆனாலோ, அவருடைய பூர்வகுடிப் பதிவு போய்விடும். எங்களை ஊரில் தூக்கி நிறுத்தியது படிப்பு. அவர்களுக்குப் படிப்பின் விலை சொந்த மக்களிடமிருந்து சட்டப்படி வெட்டப்படுவது. அந்தப் பிரிவின் கட்டாயம் சில ஆண்டுகளில் தளர்த்தப்பட்டது. அதற்குப் பின்னால் இருந்த எண்ணம் தளரவில்லை.

விவசாயத்தையும் பாருங்கள். மேற்குச் சமவெளிகளில், முதற்குடிகளுக்கென்று அரசு குறித்துவிட்ட ஒதுக்கு நிலங்களுக்குள் அடைக்கப்பட்ட மக்கள் கோதுமை பயிரிட்டு முன்னேறத் தொடங்கினார்கள். பக்கத்து வெள்ளை விவசாயிகள் போட்டி என்று முறையிட்டார்கள். 1889-ல் இந்தியர் விவகார அதிகாரி ஹேட்டர் ரீட் ஒரு கொள்கை கொண்டுவந்தார்: பூர்வகுடி விவசாயிகள் இயந்திரம் பாவிக்கக் கூடாது, மண்வெட்டியும் அரிவாளும்தான். 1897 வரை அது நீடித்தது. விளைந்ததை விற்பதற்கு அதிகாரியிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டிய நிலை அதன் பிறகும் நெடுங்காலம் இருந்தது. இதையெல்லாம் எதிர்த்து வழக்குப் போட முடிந்ததா? காணிக் கோரிக்கைகளுக்காக வழக்கறிஞர் வைக்கப் பணம் திரட்டுவதையே 1927 முதல் 1951 வரை சட்டம் தடை செய்திருந்தது.

இத்தனைக்கு நடுவிலும் அவர்கள் உழைத்தார்கள். மொன்றியல் அருகிலுள்ள கானவாக்கே மோஹாக் மக்கள் 1880-களிலேயே பாலங்களில் இரும்பு வேலைக்குப் போனவர்கள். 1907-ல் கியூபெக் பாலம் கட்டும்போதே இடிந்து விழுந்ததில் எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களில் 33 பேர் அந்த ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள். அதற்குப் பிறகும் அந்த ஊர்ப் பிள்ளைகள் நியூயோர்க்கின் உயர்ந்த கட்டடங்களில் ஏறி வேலை செய்தார்கள். சோம்பேறிகள் என்ற பேச்சு உங்கள் குழுவில் எழுந்தால் இதைச் சொல்லுங்கள்.

பிறகு, பூர்வகுடிப் பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிப்பிக்க அரசும் திருச்சபைகளும் நடத்திய வதிவிடப் பள்ளிகள். ஏறக்குறைய 150,000 பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோகப்பட்டார்கள். தாய்மொழி பேசினால் அடி. 4,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்ததற்குப் பதிவு இருக்கிறது. ஒரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை: 1950-கள் வரை பல பள்ளிகளில் பாதி நாள்தான் பாடம், மீதி நாள் தோட்டம், துணி துவைத்தல், சமையல். தொழிற்பயிற்சி என்று பெயர், உண்மையில் பள்ளியை நடத்துவதற்கான கூலியில்லா வேலை. கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990-களில். அங்கே படித்தவர்கள் இன்று நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும்கூட இருக்கிறார்கள். உங்கள் அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கும் இளைஞருடைய அம்மாவாக இருக்கலாம்.

இனி வரிக் கதை. ஒதுக்கு நிலத்தில் உள்ள சொத்துக்கும் அங்கே ஈட்டும் வருமானத்துக்கும்தான் விலக்கு. அதுவும் இந்தியர் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவர்களுக்கு மட்டும். வடதுருவப் பகுதியின் இனுவிட் மக்களுக்கும், பூர்வகுடி-ஐரோப்பியக் கலப்பில் உருவான மெட்டி மக்களுக்கும் அந்த விலக்கு கிடையாது. ரொறன்ரோ நகர மையத்தில் உங்கள் பக்கத்து மேசையில் வேலை செய்யும் ஓஜிப்வே முதற்குடிப் பெண் பெரும்பாலும் உங்களைப் போலவே வருமான வரி கட்டுகிறார். கடையில் ஒருவர் அட்டையைக் காட்டி வரிக்கழிவு வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்ராறியோவில் பதிவு பெற்றவர்களுக்கு விற்பனை வரியில் மாகாணப் பங்கான 8 சதவீதம் பல பொருட்களுக்குக் கழிக்கப்படும், அவ்வளவுதான். அதே சட்டத்தின் இன்னொரு பக்கத்தை யாரும் சொல்வதில்லை. ஒதுக்கு நிலத்தில் உள்ள சொத்தை வெளியார் பறிமுதல் செய்ய முடியாது, அதனால் வங்கி அதை ஈடாக ஏற்கத் தயங்கும். எங்களில் எத்தனையோ பேர் வீட்டின் மேல் கடன் எடுத்துத்தான் கடை போட்டோம். அந்த வழி அவர்களில் பலருக்கு அடைபட்டிருக்கிறது.

படிப்புக்கான உதவியும் அப்படித்தான். மத்திய அரசு ஒரு தொகையை முதற்குடிச் சபைகளுக்கு ஒதுக்குகிறது, சபை அதைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. இளைஞர் தொகை வேகமாகக் கூடிய காலத்திலும், 1996 தொடங்கி இருபது ஆண்டுகளாக, அந்த ஒதுக்கீடு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் வளரவிடாமல் வரம்பு வைத்திருந்தார்கள். இடம் கிடைத்தும் பணம் கிடைக்காமல் காத்திருப்புப் பட்டியலில் நின்றவர்கள் ஏராளம்.

ஆணைக்குழு என்றாலே எங்கள் ஆட்களுக்கு ஒரு சலிப்பு வரும். இலங்கையில் போருக்குப் பிறகு 2010-ல் ஜனாதிபதி நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சலிப்பு நியாயமானது. கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு பிறந்த விதம் வேறு. வதிவிடப் பள்ளிகளில் இருந்து உயிர்தப்பியவர்களே அரசையும் திருச்சபைகளையும் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். அந்தக் கூட்டு வழக்குகளின் தீர்வாக 2007-ல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின் ஒரு பகுதிதான் ஆணைக்குழு. அதாவது, அரசு மனமிரங்கித் தந்ததல்ல. பாதிக்கப்பட்டவர்கள் போராடி வாங்கியது. அனிஷினாபே இனத்தவரான நீதிபதி முரே சின்கிளேர் அதற்குத் தலைமை தாங்கினார். 2015-ல், என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் 94 'செயல் அழைப்புகளோடு' அறிக்கை வந்தது.

அவற்றில் 92-வது அழைப்பு நேராகத் தொழில் நிறுவனங்களைப் பார்த்துப் பேசுகிறது. உங்கள் குழு முதலில் வாசிக்க வேண்டியது அதைத்தான். பூர்வகுடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனத்தை அடிப்படையாகக் கொள்ளுங்கள், அவர்கள் காணியில் எதையும் தொடங்குமுன் சுதந்திரமான முன்சம்மதம் பெறுங்கள், வேலையிலும் பயிற்சியிலும் சம வாய்ப்புக் கொடுங்கள், திட்டங்களின் நீண்டகாலப் பயன் அந்த ஊர்களுக்குப் போகட்டும், உங்கள் ஊழியர்களுக்கும் மேலாளர்களுக்கும் இந்த வரலாற்றைக் கற்பியுங்கள். இதுதான் சாரம். பெரும்பாலான நிறுவனங்கள் கடைசியில் உள்ள கற்பித்தலை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு மணிநேர இணையப் பாடம் ஒன்றோடு முடித்துவிடுகின்றன. முன்னால் உள்ளவை பணமும் அதிகாரமும் கைமாற வேண்டியவை என்பதால் அப்படியே கிடக்கின்றன.

வேலை வாய்ப்பை மட்டும் எடுத்தாலும், இலக்கு எழுதினால் போதாது என்பதற்கு, இனுவிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் வடபகுதியான நுனவுட் நல்ல உதாரணம். 1993-ன் நுனவுட் உடன்படிக்கையில் 23-வது பிரிவு, அந்தப் பகுதியின் அரசு வேலைகளில் எல்லா மட்டத்திலும் இனுவிட் மக்கள் தங்கள் மக்கள்தொகை அளவுக்கு இருக்க வேண்டும் என்கிறது. அவர்கள் மக்கள்தொகையில் ஏறக்குறைய 85 சதவீதம். நுனவுட் அரசு 1999-ல் தொடங்கியது. அதன் ஊழியர்களில் இனுவிட் பங்கு நெடுங்காலமாகப் பாதியைச் சுற்றியே நிற்கிறது, உயர் பதவிகளில் அதற்கும் குறைவு. காரணம் தேடினால் பல கைகோர்த்து நிற்கின்றன. பதவிக்குப் பட்டம் வேண்டும் என்கிறார்கள், பட்டம் படிக்க ஊரைவிட்டுத் தெற்கே போக வேண்டும். தெற்கிலிருந்து வருகிறவருக்கு அரச குடியிருப்பு, உள்ளூர்க்காரருக்கு நெரிசல் வீடு. மக்கள் பேசுவது இனுக்டிடுட், அலுவலகம் ஓடுவது ஆங்கிலத்தில். உடன்படிக்கையை அரசு நிறைவேற்றவில்லை என்று இனுவிட் அமைப்பு வழக்குத் தொடுத்து, 2015-ல் 255.5 மில்லியன் டொலருக்குத் தீர்வு வந்தது. அதில் 175 மில்லியன் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டது. பட்டமா, ஊர் மொழியும் ஊர் அறிவுமா, எந்தப் பதவிக்கு எது உண்மையில் தேவை என்ற கேள்வியை உங்கள் நிறுவனமும் ஒவ்வொரு வேலை விளம்பரத்திலும் கேட்டுப்பார்க்கலாம்.

எங்கே மாற்றம் உறுதியாக நடந்திருக்கிறது என்று கேட்டால், பூர்வகுடி மக்கள் உரிமையாளர்களாக இருக்கும் இடங்களைக் காட்டுவேன். வடமேற்கு ஒன்ராறியோவில் 24 முதற்குடிகள் 51 சதவீதப் பங்கு வைத்திருக்கும் வட்டைனிகனேயாப் மின்வழி ஏறக்குறைய 1,800 கிலோமீற்றர் நீளம். டீசல் மின்பிறப்பாக்கியை நம்பியிருந்த தொலைதூர ஊர்களை அது மின்கட்டமைப்போடு இணைத்தது. நோவா ஸ்கோஷியாவில் மெம்பர்ட்டூ என்ற முதற்குடி முன்னின்று திரட்டிய மிக்மாக் மக்களின் கூட்டணி, கிளியர்வோட்டர் என்ற பெரிய கடலுணவு நிறுவனத்தில் பாதியை 2021-ல் வாங்கியது. அந்த முழுப் பேரத்தின் மதிப்பு 1 பில்லியன் டொலர். இப்படிப்பட்ட இடங்களில் பூர்வகுடி இளைஞரை எப்படிச் சேர்ப்பது என்று யாரும் குழு வைத்துப் பேச வேண்டியதில்லை.

உங்கள் நிறுவனம் மின்வழி போடப்போவதில்லை, தெரியும். அதற்கும் செய்யக்கூடியவை இருக்கின்றன. முதலாவது கொள்வனவு. மத்திய அரசு தன் ஒப்பந்தங்களின் மதிப்பில் குறைந்தது 5 சதவீதம் பூர்வகுடி நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. உணவு, அச்சு, தளபாடம், கணினிச் சேவை என்று உங்கள் அலுவலகம் வாங்கும் எதிலும் அதைப்போல் ஒரு பங்கை ஒதுக்கலாம். பெயருக்கு ஒரு பூர்வகுடியாளரை முன்னே நிறுத்தி ஒப்பந்தம் பிடிக்கும் போலிகள் உண்டு, நாடாளுமன்றக் குழு வரை போன பிரச்சினை அது. ஆகவே கனடியப் பூர்வகுடி வணிகச் சபை போன்றவை சான்று கொடுத்த நிறுவனங்களைத் தேடுங்கள்.

இரண்டாவது விடுமுறை. கனடியத் தொழிற் சட்டக்கோவையில் 2019 முதல், மூன்று மாதம் வேலை செய்த பூர்வகுடி ஊழியருக்கு வேட்டை, மீன்பிடி, அறுவடை போன்ற பாரம்பரிய நடைமுறைகளுக்காக ஆண்டுக்கு ஐந்து நாள் வரை சம்பளமில்லா விடுப்பு உண்டு. இது மத்திய ஒழுங்குமுறையில் உள்ள வேலைத்தலங்களுக்கு. உங்களுடையது அப்படி இல்லையென்றாலும், இதை நீங்களாகக் கொண்டுவரலாம், சம்பளத்தோடும் கொடுக்கலாம். அதேபோல் செப்டெம்பர் 30 ஒன்ராறியோவில் தனியார் நிறுவனங்களுக்குக் கட்டாய விடுமுறை அல்ல. அந்த நாளில் யாருக்கு விடுப்புத் தேவை என்பதை உங்கள் நிறுவனம் தானே முடிவு செய்யலாம்.

மூன்றாவது, நான் மிகவும் வற்புறுத்துவது: உங்களிடம் ஒரே ஒரு பூர்வகுடி ஊழியர் இருந்தால், இந்தத் திட்டத்தை அவர் தலையில் கட்டாதீர்கள். கணக்காளராகச் சேர்ந்தவரிடம் நில அங்கீகார வாசகத்தைத் திருத்தச் சொல்வது, தன் சமூகத்தின் வழக்கமும் அறிவும் காக்கும் மூப்பரை அழைத்துத் தரச் சொல்வது, குடும்பத்தின் பள்ளிக் கதையைப் பேசச் சொல்வது எல்லாம் அவர் வேலையல்ல. அந்தக் கதைகள் அவர் வீட்டுத் துக்கம். இந்தச் சுமை தாங்காமல்தான் நல்ல ஊழியர்கள் விலகிப்போவதைப் பார்த்திருக்கிறேன். வெளியில் இருந்து ஆலோசகரை அழையுங்கள், முறையாகப் பணம் கொடுங்கள். மூப்பர் வந்தால் அவர் சமூகத்தின் வழக்கப்படி என்ன கொடுத்து அழைப்பது என்பதை முன்கூட்டியே கேளுங்கள், சன்மானத்தை அன்றைக்கே கையில் கொடுங்கள். தன்னை யாரென்று படிவத்தில் பதிவதும் அவரவர் விருப்பம். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. அரசாங்கப் படிவங்களில் பெயர் எழுதியதால் பிள்ளைகளை இழந்த மக்கள் அவர்கள். யாரும் பதியவில்லை என்றால், உங்கள் இடத்தை இன்னும் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

செம்மஞ்சள் சட்டையைப் போடுங்கள். பிலிஸ் வெப்ஸ்டாட் ஆறு வயதில், 1973-ல், பாட்டி வாங்கிக்கொடுத்த புதுச் சட்டையோடு பிரிட்டிஷ் கொலம்பியாவின் வில்லியம்ஸ் லேக் அருகில் இருந்த வதிவிடப் பள்ளிக்குப் போனார். முதல் நாளே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். அவர் 2013-ல் அதை வெளியே சொன்னதில் இருந்துதான் இந்த நாள் வந்தது. விற்கிற பணம் எங்கே போகிறது என்று பார்த்து, பூர்வகுடி வடிவமைப்பாளர்களிடமிருந்து வாங்குங்கள்.

கடைசியாக, இந்தக் குழுவில் ஒரு தமிழர் இருந்து பேசுவது பொருத்தமா என்ற தயக்கம் உங்கள் கேள்வியில் தெரிந்தது. 2021 ஜூன் 21-க்குப் பிறகு குடியுரிமை எடுத்தவர் என்றால், முதற்குடிகள், இனுவிட், மெட்டி மக்களின் பூர்வகுடி உரிமைகளையும் ஒப்பந்த உரிமைகளையும் அங்கீகரிக்கும் அரசியலமைப்பை மதித்து நடப்பேன் என்று உறுதிமொழி எடுத்திருப்பீர்கள். உறுதிமொழியில் அந்த வாசகம் 94-வது செயல் அழைப்பினால் வந்தது. அதற்கு முன் எடுத்தவர்களையும் அதே அரசியலமைப்பு கட்டுகிறது. ஆகவே தயங்காமல் இருங்கள். ஆனால் திட்டத்தின் முதல் வரைவு நிர்வாகத்துக்குப் போகுமுன் மிசிசாகா ஒஃப் த கிரெடிட் முதற்குடியின் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள். ஸ்காபரோவில் கிளை இருந்தால் வில்லியம்ஸ் ஒப்பந்த முதற்குடிகளுக்கும் எழுதுங்கள். அவர்களுக்கு இப்படிப்பட்ட கடிதங்கள் நிறைய வரும், பதில் தாமதமாகலாம். அந்த நேரத்தையும், அவர்கள் ஆலோசனைக்கான கட்டணத்தையும், இந்த ஆண்டு வரவுசெலவில் இப்போதே எழுதி வையுங்கள்.